கீப்பர், ஃப்ளாசி, பிரான்ட்டே வீட்டுப் பிள்ளைகள்

‘ஜேன் ஐர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ என்ற மூன்று ஆங்கில நாவல்களும் 1847-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் வெளிவந்தன. மூன்றையும் எழுதியவர்கள் ஒரே வீட்டுச் சகோதரிகள்: சார்லட், எமிலி, ஆன். இவர்களுடன் பிரான்வெல் என்ற சகோதரனும் சேர்ந்து, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்ற ஊரின் மதகுரு இல்லத்தில் வளர்ந்தார்கள். இந்த நால்வரின் ஒட்டுதல் இலக்கிய வரலாற்றில் பெயர்பெற்றது. அவர்களோடு அதே கூரையின் கீழ் நாய்கள், பூனைகள், வாத்துகள், ஒரு வல்லூறு, ஒரு கேனரிக் குருவி என ஒரு கூட்டமே வாழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் புரட்டினால், உடன்பிறந்தோர் பாசமும் வளர்ப்பு உயிர்கள் மீதான பாசமும் அங்கே இரண்டு தனித்தனி விஷயங்களாக இருக்கவில்லை என்பது தெரியும்.

தந்தை பேட்ரிக் பிரான்ட்டே அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, படித்து, இங்கிலாந்துத் திருச்சபையில் மதகுரு ஆனவர். 1820-இல் மனைவியுடனும் ஆறு குழந்தைகளுடனும் ஹாவொர்த்துக்குக் குடிவந்தார். மறு ஆண்டே தாய் மரியா நோயில் இறந்தார். தாயின் அக்கா எலிசபெத் பிரான்வெல் வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றார். 1824-இல் மூத்த பெண்கள் நால்வரும் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே நோய்வாய்ப்பட்டு, 1825 மே, ஜூன் மாதங்களில் மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் அடுத்தடுத்து இறந்தார்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள். எஞ்சிய நால்வரில் மூத்தவளான சார்லட்டுக்கு அப்போது ஒன்பது வயது, கடைக்குட்டி ஆனுக்கு ஐந்து.

ஹாவொர்த்தும் குழந்தைகளுக்கு இதமான ஊர் அல்ல. கம்பளி ஆலைகளை நம்பியிருந்த, செங்குத்தான ஒரே கடைத்தெருவைக் கொண்ட மலையூர். 1850-இல் அரசு நியமித்த சுகாதார ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 26-ஐக்கூட எட்டவில்லை. ஐந்தில் இரண்டு குழந்தைகள் ஆறு வயதுக்கு முன்பே இறந்தன. மதகுரு இல்லத்தின் முன்புறம் கல்லறைத் தோட்டம். பின்புறம் ‘மூர்’ எனப்படும் மரமற்ற மேட்டுநிலம்: ஹெதர் செடியும் புல்லும் மண்டி, காற்று ஓயாமல் வீசும் வெளி. ஊர்ப் பிள்ளைகளோடு அதிகம் பழகாத நால்வரும் அந்த மேட்டில் நாள்தோறும் சுற்றினார்கள். அங்கே திரிந்த பறவைகளும் விலங்குகளும்தான் அவர்களுக்குக் கிடைத்த அக்கம்பக்கத்தார்.

1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகரிலிருந்து திரும்பிய தந்தை, மகனுக்காக மரச்சிப்பாய் பொம்மைகள் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பிரான்வெல் அவற்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சகோதரிகள் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் சூட்டினார்கள். சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் கோமகன், பிரான்வெலுடையது நெப்போலியன். அந்த விளையாட்டு ‘கிளாஸ் டவுன்’ என்ற கற்பனை நாடாக விரிந்தது. சிப்பாய்கள் படிப்பதற்கென்று தீப்பெட்டி அளவில் கையெழுத்துப் புத்தகங்கள் தயாராயின. அவற்றின் எழுத்துகளை இன்று உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. வளர வளர, சார்லட்டும் பிரான்வெலும் ‘ஆங்கிரியா’ என்ற நாட்டையும், எமிலியும் ஆனும் ‘கோண்டல்’ என்ற தீவையும் தமக்கெனப் பிரித்துக்கொண்டார்கள். எமிலியும் ஆனும் இரட்டையர் போல ஒட்டித் திரிந்ததாக, சார்லட்டின் பள்ளித்தோழி எல்லன் நஸ்ஸி தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பெரியம்மா எலிசபெத் இருந்தவரை வீட்டுக்குள் விலங்குகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அப்போது வீட்டில் ஒரே ஒரு நாய்தான். அதுவும் குறித்த நேரங்களில் மட்டும் கூடத்துக்குள் வரலாம். எமிலியும் ஆனும் காலையில் தாங்கள் குடிக்கும் ஓட்ஸ் கஞ்சியில் ஒரு பங்கை அதற்குத் தவறாமல் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லன் பதிவு செய்திருக்கிறார். பெரியம்மாவின் கண்டிப்பை அவர்கள் எதிர்த்துப் பேசியதாகத் தகவல் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தின் வழியாகச் சமாளித்திருக்கிறார்கள். கிராஸ்பர் என்ற டெரியர் நாயை எமிலி 1834 ஜனவரியில் பென்சிலால் வரைந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. தாமஸ் பியூயிக்கின் ‘பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு’ என்ற மரச்செதுக்குப் படங்கள் நிறைந்த நூல் வீட்டில் இருந்தது. நால்வரும் அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். பிற்காலத்தில் ‘ஜேன் ஐர்’ நாவலின் முதல் அத்தியாயத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிறுமி படிப்பது இதே நூலைத்தான்.

இந்த வீட்டில் விலங்குகளுக்கு என்ன இடம் இருந்தது என்பதைக் காட்டும் நல்ல சான்று, எமிலியும் ஆனும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதி மடித்துவைத்த நாட்குறிப்புத் தாள்கள். 1834 நவம்பர் 24-ஆம் தேதித் தாள், ரெயின்போ, டைமண்ட், ஸ்னோஃப்ளேக், ஜாஸ்பர் என்ற வளர்ப்பு உயிர்களுக்குத் தீனி போட்ட செய்தியோடுதான் தொடங்குகிறது. அதன் பிறகே, அரசியல் தலைவர் ராபர்ட் பீல் லீட்ஸ் தொகுதியில் நிற்க அழைக்கப்படக்கூடும் என்று பிரான்வெல் கொண்டுவந்த சேதி வருகிறது. அடுத்து ஆப்பிள் தோல் சீவுதல், சமையலறை வேலை, கோண்டல் தீவுக்காரர்கள் வேறொரு கற்பனைத் தீவின் உட்பகுதியைக் கண்டறிவது. எது பெரிய செய்தி, எது சின்னது என்ற பாகுபாடே அந்தத் தாளில் கிடையாது.

1841 ஜூலை 30-ஆம் தேதி, தன் பிறந்தநாளன்று, எமிலி அடுத்த தாளை எழுதியபோது மற்ற மூவரும் வேலை நிமித்தம் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். சார்லட்டும் ஆனும் பணக்கார வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைகள். பிரான்வெல் ரயில் நிலைய எழுத்தர். யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாகக் குறித்த கையோடு, விக்டோரியாவும் அடிலெய்டும் கரிக்கொட்டகையில், கீப்பர் சமையலறையில், ஹீரோ கூண்டில் என்று எமிலி எழுதிவைத்தார். முதல் இரண்டும் வாத்துகள். ஒன்றுக்கு அப்போதைய அரசியின் பெயர், மற்றதற்கு முந்தைய மன்னரின் மனைவியின் பெயர். கீப்பர் நாய். ஹீரோ, மெர்லின் எனப்படும் சிறிய வல்லூறு. எமிலியின் கையெழுத்தை நீரோ என்று தவறாகப் படித்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள், அந்த அப்பாவிப் பறவைக்கு நெடுங்காலம் ரோமானியக் கொடுங்கோலனின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எமிலி அதை நீர்வண்ணத்தில் தீட்டினார். இறகு இறகாகப் பார்த்து வரைந்த அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

1842 பிப்ரவரியில் சார்லட்டும் எமிலியும் பிரெஞ்சு மொழி கற்க பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போனார்கள். பெரியம்மா இறந்த செய்தி கேட்டு நவம்பரில் திரும்பியபோது, வல்லூறும் வாத்துகளும் யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தன. எமிலி ஊர் முழுக்க விசாரித்துப் பார்த்தும் ஹீரோவைப் பற்றித் துப்புக் கிடைக்கவில்லை. 1845-ஆம் ஆண்டுத் தாளில், அது இறந்துதான் போயிருக்கும் என்று குறிப்பிடுகிறார். டைகர் என்ற பூனை வந்ததும் போனதும், கீப்பரும் ஃப்ளாசி என்ற இன்னொரு நாயும் நலமாக இருப்பதும், கேனரிக் குருவி இன்னும் இருப்பதும் அந்தத் தாளில் உண்டு. எமிலியின் எழுத்தில் சொந்தத் துயரம் நேரடியாக வெளிப்படும் இடங்கள் மிகக் குறைவு. ஒரு பறவையைத் தேடி அலைந்த இந்தக் குறிப்பு அவற்றில் ஒன்று. அதே கோடையில் ஆன் எழுதிய தாளிலும், நாய்கள் இரண்டும் எங்கே போயினவோ தெரியவில்லை, டிக் என்ற கேனரிக் குருவி கூண்டில் தத்திக்கொண்டிருக்கிறது என்ற சேதி இருக்கிறது. அக்காவும் தங்கையும் தனித்தனியே எழுதியும் இருவர் கணக்கிலும் அதே உயிர்கள்.

கீப்பர், மாஸ்டிஃப் கலப்பில் பிறந்த பழுப்பு நிறப் பெரிய நாய். 1838 ஏப்ரலில் எமிலி அதை வரைந்த படம் கிடைப்பதால், அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். அன்பாக நடத்தினால் உயிரைக் கொடுக்கும், கம்பால் அடித்தவர் குரல்வளையை விடாது என்ற எச்சரிக்கையோடுதான் அதைக் கொடுத்தார்களாம். ஃப்ளாசி அதற்கு நேர் எதிர். நீண்ட பட்டு மயிர் கொண்ட, கறுப்பும் வெள்ளையுமான ஸ்பேனியல். யார்க் நகருக்கு அருகில் தார்ப் கிரீன் மாளிகையில் ஆன் பாடம் சொல்லிக் கொடுத்த ராபின்சன் வீட்டுப் பெண்கள், 1843 வாக்கில் அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கீப்பர் எமிலியின் நாய், ஃப்ளாசி ஆனின் நாய் என்பது பெயரளவுப் பிரிவினைதான். ஃப்ளாசியை எமிலி வரைந்தார். எமிலி இல்லாதபோது கீப்பரை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். டாம் என்ற பூனை எல்லோருக்கும் செல்லம். அடி, அதட்டல் எதையும் அறியாமல் வளர்ந்ததால் அது பூனைக்குணத்தையே மறந்துவிட்டது என்று எல்லன் வேடிக்கையாகச் சொல்கிறார்.

ஒரு மாலை சகோதரிகள் மூவரும் எல்லனும் கணப்பைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தபோது, கீப்பர் சார்லட்டுக்கும் எமிலிக்கும் நடுவே நுழைந்து எமிலியின் மடியில் ஏறியது. அந்த உடம்புக்கு ஒரு மடி எப்படிப் போதும்? பக்கத்தில் இருந்த எல்லனின் மடியையும் பிடித்துக்கொண்டது. விருந்தாளி முகம் சுளிக்காமல் பாரத்தைத் தாங்கியதைப் பார்த்து எமிலிக்கு அவர்மேல் மதிப்பு உயர்ந்தது. எமிலிக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்று எல்லன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். வாயில்லா உயிரை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்பதை வைத்தே பிரான்ட்டே சகோதரிகள் அவரை எடைபோட்டார்கள் என்பதும் எல்லன் தரும் தகவல். அந்தத் தேர்வில் தோற்றவருக்கு மறுவாய்ப்பு இல்லை.

எமிலியின் துணிச்சலைச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் நாய்க் கதைகளாகவே இருக்கின்றன. ஹாவொர்த்தில் காகிதக் கடை வைத்திருந்த ஜான் கிரீன்வுட் தம் குறிப்பேட்டில் எழுதிய ஒன்று: தெருவில் கீப்பரும் இன்னொரு பெரிய நாயும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன, ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சேதி கேட்ட எமிலி சமையலறையிலிருந்து மிளகுத்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். ஒரு கையால் கீப்பரின் கழுத்தை வளைத்துப் பிடித்து, மறு கையால் இரண்டு நாய்களின் மூக்கிலும் மிளகுத்தூளைத் தூவினார். சண்டை நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் கீப்பரை வீட்டுக்கு இழுத்துப் போனார்.

மற்றொரு நிகழ்ச்சி இதைவிடக் கடுமையானது. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் ஓடிய ஓர் அந்நிய நாய்க்கு எமிலி தண்ணீர் வைக்கப் போனார். அது கடித்துவிட்டது. வெறிநாயாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும் நேரே சமையலறைக்குப் போய், துணி தேய்க்கும் இரும்பு ஒன்று அடுப்பில் சிவக்கக் காய்ந்திருக்க, அதை எடுத்துக் கடிவாயில் தானே சூடு வைத்துக்கொண்டார். அபாயம் கடந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். அவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதே காரணம். வெறிநாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் மனிதருக்குத் தடுப்பூசி போட்டது 1885-இல். எமிலியின் காலத்தில் நோய் கண்டால் மரணம் உறுதி. கடிவாயைச் சுடுவதுதான் மருத்துவர்களும் சொன்ன வழி. சார்லட் தம் ‘ஷெர்லி’ நாவலில் இந்த நிகழ்ச்சியை அப்படியே கதாநாயகிக்கு ஏற்றிச் சொன்னார். அந்நாவலில் வரும் டார்ட்டர் என்ற நாய் கீப்பரின் அச்சு.

கீப்பர் மாடியில் வெள்ளைவிரிப்புப் படுக்கைகளில் ஏறிப் படுக்கும் வழக்கத்தை விடாததால், எமிலி அதை முகத்தில் குத்தி அடக்கி, பிறகு வீங்கிய முகத்துக்குத் தாமே ஒத்தடம் கொடுத்தார் என்ற கதையும் பிரபலம். இதைச் சொல்பவர், 1857-இல் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல். எமிலியை அவர் நேரில் பார்த்ததில்லை. கதைக்கு வேறு சாட்சியும் இல்லை. எமிலி மனிதர் யாரிடமும் பற்று வைக்கவில்லை, அன்பு முழுவதையும் விலங்குகளுக்கே கொடுத்தார் என்று யாரோ சொன்னதையும் காஸ்கெல் பதிவு செய்திருக்கிறார். அதை நம்ப இடமில்லை. தங்கையோடு பதினைந்து ஆண்டுக்கு மேல் ஒரே கற்பனைத் தீவில் குடியிருந்தவர், வீட்டாரின் இருப்பிடத்தை ஒவ்வொரு தாளிலும் கணக்கெடுத்தவர் அன்பற்றவராக இருக்க முடியாது. அந்நியரிடம் பேசாதவர், அவ்வளவுதான். காஸ்கெலின் வேறொரு கணிப்பு கூர்மையானது: நாதியற்ற விலங்கைக் கண்டால் சார்லட்டுக்கு மனம் இளகும், அடங்காத முரட்டு விலங்கைக் கண்டால் எமிலிக்குப் பிடிக்கும் என்பது.

குடும்பத்தினர் பிரிந்திருந்த காலங்களில் இந்த விலங்குகள் வேறொரு வேலையும் செய்தன. வீட்டு ஏக்கத்தை நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் குடும்பம் அது. நாயைப் பற்றி விசாரித்தால் போதும், மனம் புரிந்துவிடும். 1843 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் தனியாக இருந்த சார்லட், எமிலிக்கு எழுதிய கடிதத்தில் வீட்டுச் சமையலறையைக் கற்பனை செய்கிறார். தாம் இறைச்சி நறுக்குவதாகவும், மாவும் மிளகும் அளவாகச் சேர்கிறதா என்று எமிலி பக்கத்தில் நின்று கவனிப்பதாகவும், நல்ல துண்டுகளை டைகருக்கும் கீப்பருக்கும் எடுத்துவைக்கச் சொல்வதாகவும், பூனை கத்தியைச் சுற்றித் துள்ளுவதாகவும், நாய் பசித்தீயே உருவெடுத்தாற்போல நிற்பதாகவும் எழுதுகிறார். அந்நிய ஊரில் சார்லட் பட்ட தனிமை அந்தச் சமையலறைக் காட்சியில் முழுதாகத் தெரிகிறது. 1848 ஜனவரியில் ஆன் எல்லனுக்கு எழுதிய கடிதத்தில், ஃப்ளாசி முன்னைவிடக் கொழுத்துவிட்டது, ஆனாலும் ஆடு துரத்தும் ஆசை குறையவில்லை என்று தெரிவிக்கிறார்.

சகோதரிகளின் இந்தப் பரிவு அக்காலத்துப் பொது வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. காளைகளையும் கரடிகளையும் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் விளையாட்டுகளும் நாய்ச்சண்டை, சேவற்சண்டைகளும் இங்கிலாந்தில் சட்டப்படி தடை செய்யப்பட்டது 1835-இல்தான். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் லண்டனில் தொடங்கியது 1824-இல். இவர்கள் வளர்ந்த காலம், பழைய கொடுமைகளும் புதிய பரிவும் அருகருகே இருந்த காலம்.

நாவல்களில் அந்த இரண்டும் வருகின்றன. ‘ஆக்னஸ் கிரே’யில் பணக்கார வீட்டுச் சிறுவன் ஒருவன் பறவைக்குஞ்சுகளைச் சித்திரவதை செய்யத் தயாராகிறான். அவனைத் தடுக்க வழியில்லாத ஆசிரியை, ஒரு பெரிய கல்லைப் போட்டு அவற்றை ஒரேயடியாகக் கொன்றுவிடுகிறாள். சாதுவானவர் என்று பெயரெடுத்த ஆன் எழுதிய காட்சி இது. மூவரின் நாவல்களிலும் கருணையின் விலையை இவ்வளவு நேராகச் சொல்லும் இடம் வேறில்லை எனலாம். ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலில் லிண்டன் வீட்டு அண்ணனும் தங்கையும் ஒரு குட்டிநாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, அது வலியில் கத்த, இருவரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அந்த உடன்பிறப்புகளின் சுயநலத்தை எமிலி ஒரே காட்சியில் காட்டிவிட்டார். ‘ஜேன் ஐர்’ நாவலின் முடிவில் பார்வையிழந்த ராசெஸ்டரிடம் ஜேன் திரும்பி வரும்போது, முதலில் அடையாளம் கண்டு துள்ளுவது பைலட் என்ற நாய். ‘ஆக்னஸ் கிரே’யின் முடிவிலும் கடற்கரையில் கதாநாயகியிடம் முதலில் ஓடிவருவது ஸ்னாப் என்ற நாய், அதற்குப் பின்னால்தான் காதலர் வருகிறார்.

விலங்குகளைப் பற்றி எமிலிக்கு மிகையான கனிவு இருக்கவில்லை. 1842 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் பள்ளியில் பிரெஞ்சில் எழுதிய ‘பூனை’ என்ற கட்டுரையில், மனிதனுக்கு மிக நெருங்கிய விலங்கு பூனைதான் என்று வாதிடுகிறார். பூனையிடம் கபடம் என்று நாம் பழிப்பதையே மனிதரிடம் நாகரிகம் என்று பாராட்டுகிறோம் என்பது அவர் வாதம். பூனையை நேசிப்பவர்தான் அந்தக் கட்டுரையை எழுதினார், மனிதரை அவ்வளவாக நம்பாதவரும் அவரே.

1848 செப்டம்பர் தொடங்கி ஒன்பதே மாதங்களில் அந்த வீடு காலியானது. குடியாலும் கடனாலும் ஒடிந்திருந்த பிரான்வெல் செப்டம்பர் 24 அன்று 31 வயதில் இறந்தார். அவருடைய இறுதிச்சடங்குக்குப் பின் சளி பிடித்த எமிலிக்குக் காசநோய் முற்றியது. மருத்துவரைப் பார்க்க மறுத்து, கடைசி வரை வீட்டு வேலைகளைத் தாமே செய்தார். டிசம்பர் 18-ஆம் தேதி மாலை நாய்களுக்குத் தீனி கொடுக்க எழுந்து போனவர் தள்ளாடிச் சுவரில் சாய்ந்தார். தாங்க வந்தவர்களை விலக்கிவிட்டு அந்த வேலையை முடித்தார். மறுநாள் பிற்பகலில் உயிர் பிரிந்தது. வயது 30. சவ ஊர்வலத்தில் தந்தை, சார்லட், ஆன் ஆகியோரோடு கீப்பரும் நடந்தது. ஆலயத்துக்குள் வந்து, சடங்கு முடியும் வரை குடும்பத்தாரின் காலடியில் அமைதியாகப் படுத்திருந்தது. வீடு திரும்பியதும் எமிலியின் அறை வாசலில் படுத்துப் பல நாட்கள் ஊளையிட்டது. காஸ்கெலின் பல கதைகளைப் போல இதையும் ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை. கீப்பர் ஆலயத்தில் படுத்திருந்ததைச் சார்லட்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதே நோய் ஆனுக்கும் தொற்றியிருந்தது. கடற்காற்று உதவும் என்ற நம்பிக்கையில் 1849 மே மாதம் சார்லட்டும் எல்லனும் அவரை ஸ்கார்பரோ கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மணலில் கழுதை வண்டியில் ஒரு மணி நேரம் போனார் ஆன். வண்டிக்காரப் பையன் கழுதையை விரட்டுவானோ என்று கடிவாளத்தைத் தாமே வாங்கி ஓட்டினார். எல்லன் வந்து சேர்ந்தபோது, கழுதையை நன்றாக நடத்த வேண்டும் என்று பையனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். மே 28-இல் இறந்தார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஜூன் மாதம் சார்லட் தனியாக ஹாவொர்த் திரும்பினார். நாய்கள் இரண்டும் விசித்திரமான பரவசத்தோடு வரவேற்றதாக எல்லனுக்கு எழுதினார். முன்பெல்லாம் காட்டிய மகிழ்ச்சி அல்ல இது. தாம் வந்துவிட்டதால் மற்றவர்களும் பின்னாலேயே வருகிறார்கள் என்று அந்த வாயில்லா ஜீவன்கள் நினைத்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். கீப்பர் நாள்தோறும் எமிலியின் சிறிய அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

இதற்குப் பிறகு அந்த நாய்களைப் பேணுவது சார்லட்டின் பொறுப்பானது. கீப்பர் கிழடாகிவிட்டது, கொன்றுவிடலாம் என்று சிலர் ஜாடையாகச் சொன்னபோது தந்தையும் மகளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1851 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே இரவு நோயுற்று, காலையில் உறக்கத்தில் இறந்தது. தோட்டத்தில் புதைத்தார்கள். துணை போனதில் ஃப்ளாசி வாடிவிட்டது என்று சார்லட் எழுதினார். 1852 கோடையில் ஃபைலி கடற்கரையிலிருந்து தந்தைக்கு எழுதியபோது, அலைகளில் குதித்து விளையாடிய ஒரு பெரிய நாயை வர்ணித்து, இதைப் பார்த்தால் ஃப்ளாசி என்ன சொல்லுமோ என்று கேட்கிறார்.

பிள்ளைகளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 1853 ஜனவரிக் கடிதம் ஒன்று விடை சொல்கிறது. தந்தையின் உதவிக் குருவான ஆர்தர் பெல் நிக்கல்ஸ், முந்தைய மாதம் சார்லட்டை மணக்க விருப்பம் தெரிவித்திருந்தார். பேட்ரிக்குக்குக் கடும் கோபம். லண்டனில் இருந்த மகளுக்கு அவர் ஃப்ளாசியின் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். எனக்குப் பாதங்கள்தான் உண்டு, ஆகவே சொல்ல மட்டுமே முடியும் என்று தொடங்கும் நாய், தன்னை உலவ அழைத்துப் போய்வந்த நிக்கல்ஸ் இப்போது முன்போல அன்பாக இல்லை என்று முறையிடுகிறது. பேசத் தெரிந்தவர்களின் கண்ணுக்கு மறைந்திருக்கும் மனித சுபாவம் நாய்க்குத் தெரியும் என்றும் தத்துவம் பேசுகிறது. 75 வயதில், கண்டிப்புக்குப் பேர்போன ஒரு மதகுரு, தம் மனக்கசப்பை நாயின் வாயில் வைத்து மகளுக்குச் சொல்லியிருக்கிறார். வாதம் தோற்றது வேறு விஷயம்: 1854 ஜூன் 29 அன்று சார்லட் நிக்கல்ஸை மணந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஃப்ளாசி ஒரே நாள் சோர்ந்திருந்து இரவில் வலியின்றி இறந்தது. அதைவிட மகிழ்ச்சியான வாழ்வும் எளிதான சாவும் எந்த நாய்க்கும் வாய்த்திருக்காது என்று சார்லட் எல்லனுக்கு எழுதினார். நான்கு மாதம் ஆகுமுன், 1855 மார்ச் 31 அன்று, கருவுற்றிருந்த நிலையில் நோயுற்றுச் சார்லட்டும் இறந்தார். வயது 38.

ஆறு பிள்ளைகளையும் இழந்த பேட்ரிக், தம் மருமகனுடன் அதே வீட்டில் வாழ்ந்தார். பிளேட்டோ, கேட்டோ என்று இரண்டு நாய்களை வளர்த்தார். 1861 ஜூன் 7 அன்று 84 வயதில் அவர் மறைந்த பின், நிக்கல்ஸ் அயர்லாந்துக்குத் திரும்பியபோது பிளேட்டோவையும் கூட்டிக்கொண்டு போனார். மதகுரு இல்லம் 1928 முதல் பிரான்ட்டே அருங்காட்சியகமாக இயங்குகிறது. எமிலியின் ஓவியங்கள், தீப்பெட்டி அளவுப் புத்தகங்கள் ஆகியவற்றோடு, கீப்பரும் ஃப்ளாசியும் அணிந்திருந்த பித்தளைக் கழுத்துப்பட்டைகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.